அப்பா ஸ்கேல் வைத்து நீட்டிய கோடு

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக மாமாவிடம். மாமா நல்லவர்தான். ஆனால் அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அது தெருமுனைக்குப் போய்விடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அம்மா சுகம், நான் சுகம். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறைகள். அதோடு நீங்கள் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு, தாழ்ப்பாள் உள்ள ஒரே அறையான குளியலறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளிதான் காரணம்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார், அதற்கான புள்ளிவிவரத்தைத் தேடி எடுத்து சார்ட்டில் வரைபடம் போட்டு வர வேண்டும். என் தோழிக்கு மழையளவு வந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்குக் குடை விற்பனை வந்தது, இருவரும் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்து முடித்துவிட்டார்கள். எனக்கு வந்தது, ஆண்களிடையே புற்றுநோய் இறப்பு விகிதம், ஐம்பது ஆண்டுகள். லட்சம் ஆண்களுக்கு ஒரு வருடத்தில் எத்தனை பேர் என்று வருடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தேன். கோடு பல வருடங்கள் மேலே மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்று யோசித்து, அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து வந்தார்.

அப்பாவின் குரலை நீங்கள் சமீபத்தில் கேட்கவில்லை. இரண்டு மாதமாக நாற்காலியைத் தரையில் இழுப்பது போல இருக்கிறது. நீங்கள் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார். லிஃப்ட் போகிற குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற தூசி என்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றும் சொல்கிறார், ஆனால் மொட்டைமாடி மோட்டார் அறையில் குடிப்பது கணக்கில் வராதாம். அம்மா டாக்டரிடம் போகச் சொல்லாத நாளில்லை.

"லிஃப்ட்ல லேசா ஒரு சத்தம் வந்தாலே, ஏன்யா முன்னாடியே கூப்பிடலைன்னு அவங்களைப் பிடிச்சுத் திட்டுறீங்க. உங்க தொண்டையில ரெண்டு மாசமா சத்தம் வருது, அதுக்கு யாரைக் கூப்பிடறது?"

"லிஃப்ட்டைக் கழட்டினா திரும்ப மாட்டத் தெரியும் எனக்கு. தொண்டையைக் கழட்டிட்டு அவன் மாட்டத் தெரியாம முழிச்சான்னா?"

அன்று அப்பா கைக்கிரீஸைக் கூடத் துடைக்காமல் சார்ட் முன்னால் நின்றார்.

"என்ன பாப்பா இது, மலையா?"

"இல்லப்பா. கேன்சர்ல செத்துப்போன ஆம்பளைங்க."

"இறங்குதே!"

"ஆமாப்பா, விகிதம் குறையுது."

"உங்கம்மாவைக் கூப்பிடு. உடனே கூப்பிடு."

அம்மா கரண்டியோடு வந்தாள். அப்பா என் ஸ்கேலைப் பிடுங்கி, கோடு முடிந்த இடத்தில் வைத்து, அதே சரிவில் பென்சிலால் நீட்டினார். தாள் தீர்ந்ததும் சுவரிலும் நீட்டினார். சுவிட்ச் பலகைக்குக் கீழே ஓர் இடத்தில் கோடு பூஜ்யத்தைத் தொட்டது.

"பாத்தியா? இங்க வந்துட்டா ஒருத்தனும் சாக மாட்டான். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்காம தாக்குப் பிடிச்சிட்டா போதும்."

"இன்னும் கீழ போச்சுன்னா? செத்தவங்கள்லாம் எழுந்து வருவாங்களா?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் விஞ்ஞானிங்க பாத்துப்பாங்க."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கட்டடத்தில் இருக்கிற ஆண்கள் எல்லோரையும் அழைத்து வந்து காட்டினார். கீழ்த்தளத்து டெய்லர், காவல்காரர், எதிர்வீட்டு பெயின்டர் மூன்று பேரும் சார்ட் முன்னால் நின்று கல்யாண வீட்டில் போலச் சிரித்தார்கள். "வயித்துல பாலை வார்த்தே தாயி" என்று பெயின்டர் என் தலையைத் தடவினார். அந்த நிம்மதியில் வெளியே நடையிலேயே ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

அத்தை, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புள்ளிவிவரம் தேடும்போது வேறு பக்கங்களையும் படித்துவிட்டேன். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. அது சாதாரணமாகவும் இருக்கலாம், காட்டினால்தான் தெரியும் என்றும் போட்டிருந்தது. மறுநாள் டீச்சரிடம் கோடு ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். "தானா இறங்கலை. நிறையப் பேர் சிகரெட்டை விட்டாங்க, நிறையப் பேர் சீக்கிரமே போய்க் காட்டினாங்க, வைத்தியமும் நல்லா வந்துடுச்சு" என்றார். அப்படியென்றால் பயந்துகொண்டே போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் கோட்டை இறக்கியிருக்கிறார்கள். அப்பா அவர்கள் முதுகில் ஏறிக்கொண்டு, வீட்டிலேயே இருந்தபடி இறங்கிவிடப் பார்க்கிறார். நான் பென்சிலை அழுத்தி வைத்த ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எத்தனை அப்பாக்கள் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்தக் கோடு எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். இன்னொரு சார்ட்டில் கோடு நேராக மேலே ஏறுவது போலப் பொய்யாக வரைந்து, பழையதன் மேல் ஒட்டிவிட்டேன். அப்பா பயந்துபோய்க் கிளம்புவார் என்று நினைத்தேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"நேத்து இறங்கினது ராத்திரியோட ராத்திரியா ஏறிடுச்சா?"

"புதுக் கணக்குப்பா."

நிறைய நேரம் பார்த்தார். பிறகு, "அம்பது வருஷமா இத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போயும் இதுதான் லட்சணமா? அப்புறம் எதுக்குப் போகணும்?" என்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். கோடு இறங்கினாலும் போக வேண்டாம், ஏறினாலும் போக வேண்டாம். இப்படி ஒரு மனிதரை எந்தக் கணக்கால் மடக்குவது?

அழுகை வந்த அவசரத்தில் பொய்யான சார்ட்டையே சுருட்டிப் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டேன். டீச்சர் பார்த்தார், அப்பாவை வரச் சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் வந்தார், வேலைச் சட்டையோடு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "தலைகீழா மாட்டிட்டா போல மேடம், சின்னப் பொண்ணு" என்றார். டீச்சருக்குக் காதில் விழவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றார். மறுபடி சொன்னார். மறுபடியும் விழவில்லை. மூன்றாவது தடவை காற்றுதான் வந்தது, அப்புறம் இருமல். டீச்சர் என் பக்கம் திரும்பி, "இதை யாருக்காக வரைஞ்சே?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். டீச்சர் சார்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "சரியானதை நாளைக்குக் கொண்டு வா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் இரண்டு விரலைக் காட்டி டிக்கெட் வாங்கினார். வழக்கமாகக் கண்டக்டரோடு இறங்கும்வரை அரட்டை அடிப்பவர். வீட்டுக்கு வந்தும் என்னைத் திட்டவில்லை. அத்தை, அவர் திட்டியிருந்தால் நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

அதனால் நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். வந்து அவர் காதைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள், கெட்ட கனவு கண்டதாகச் சொல்லுங்கள். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இல்லை, சொல்ல வேண்டாம், எப்படி வந்தது என்று கேட்பார். உங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும், முக்கியமாக அப்பாவின் தொண்டைக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் உங்கள் அன்பு மரும

யாரோ கதவைத் தட்டு

பின்குறிப்பு: தட்டியது அப்பா. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திறந்தேன். வயிறு வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். நகராமல் அங்கேயே நின்றார். "காலைல என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றியா பாப்பா? டாக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்ல எனக்குச் சத்தம் வரலை. நீ சொல்லு" என்றார். சரிப்பா என்றேன். போனவர் திரும்பி வந்து, "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவங்க கத்தினா வாங்கிப்பேன். அழுதாங்கன்னா என்னால ஆகாது" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. வந்து இழுத்துப் போகவும் வேண்டாம், நானே கூட்டிப் போகிறேன். ஆனாலும் வேறு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள் அத்தை. வாசலிலேயே நின்று நன்றாகத் திட்டுங்கள். அழுவதாக இருந்தால் இந்தக் குளியலறை இருக்கிறது, தாழ்ப்பாள் நன்றாகப் போடலாம்.