அக்கரையிலிருந்து ஒரு விடுகதை

வந்திருந்தவர்கள்: பாதுகாப்பு மந்திரி. மந்திரி சிரித்தால் கூடச் சிரிக்கவும் இருமினால் தண்ணீர் நீட்டவும் செயலாளர். ஒரு போரையும் பார்க்காமல் மார்பு நிறையப் பதக்கம் சேர்த்த தளபதி. தொலைக்காட்சியில் தினமும் ஒரு உலகப் போரைத் தொடங்கி, விளம்பர இடைவேளைக்குள் முடித்துவைக்கும் நிபுணர். உட்காரச் சொல்ல ஆளில்லாததால் நின்றுகொண்டிருந்த நான், ஹாட்லைன் ஆபரேட்டர், இரவு ஷிப்டு. வராதவர்: எதிரி. அவருக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் இல்லை.

அணுகுண்டு மிரட்டலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று உலகத்தில் எந்த நாட்டுக்காவது சந்தேகம் வந்தால், அது எங்கள் நாட்டிடம் வந்து பாடம் படிக்கலாம். பதில் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. சும்மா சொல்லவில்லை. அந்த மகத்தான பதில் உருவானபோது நான் அதே அறையில் இருந்தேன். பூமிக்கு அடியில் இரண்டு மாடி ஆழத்தில் இருந்தது அந்த அறை. உயர்மட்டக் குழு அங்கேதான் கூடியது.

அறையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு போன். கோப்புகளில் அது 'சிவப்புத் தொலைபேசி'. சிவப்புக்குத்தான் டெண்டர் விட்டார்கள், வந்தது ரோஜா நிறம். திருப்பி அனுப்பினால் நாடு ஆறு மாதம் போன் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், ரோஜாவையே சிவப்பு என்று கருதுமாறு ஓர் ஆணை போட்டார்கள். அன்றிலிருந்து அது சிவப்பு.

போனின் மறுமுனை கடலுக்கு அக்கரையில், பக்கத்து நாட்டில் இருக்கிறது. அந்த நாட்டு அதிபர் வாரம் ஒருமுறை எங்களைச் சாம்பலாக்குவார். அந்த அறிக்கையை அங்கே ஒரு பெண்மணி போனில் வாசிப்பாள். நான் எழுதிக்கொள்வேன். பிறகு எங்கள் அறிக்கையை நான் வாசிப்பேன், அவள் எழுதிக்கொள்வாள். பெயர் கேட்கவும் சொல்லவும் தடை. அதனால் நான் அவளை 'அக்கரை அக்கா' என்பேன். அவள் என்னைத் தம்பி என்பாள்.

உலகம் நடுங்கும் அந்த அறிக்கைகள் கைமாறும் விதம் இப்படித்தான் இருக்கும்:

"உங்க நாட்டை அடியோடு சாம்பலாக்குவோம். எழுதிட்டியா தம்பி? போன தடவை 'சாம்பாராக்குவோம்'னு எழுதி வச்சிருந்தியாமே."

"எழுதிட்டேன்க்கா. இப்ப எங்களோடது. இந்தச் செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம்."

"போன வாரம் 'மிக வன்மையாக'ன்னு இருந்துச்சே. எல்லாம் ஏறிட்டே போகுது, நீங்க மட்டும் குறைக்கறீங்க."

லைன் உயிரோடு இருக்கிறதா என்று காலையும் மாலையும் பரிசோதிக்க வேண்டும். அப்போது அரசியல், மதம், வானிலை, விலைவாசி, குடும்பம் தவிர்த்து வேறு ஏதாவது பேசலாம் என்பது விதி. இவற்றைத் தவிர்த்துவிட்டால் மனிதர்களுக்குப் பேச மிச்சம் இருப்பது விடுகதை மட்டும்தான். அவள் போடுவாள், நான் விடுவிப்பேன். அதில் ஒரு விடுகதைதான் இந்தக் கூட்டத்தைக் கூட்டியது.

ஒலிப்பதிவைச் செயலாளர் ஓடவிட்டார். அக்காவின் குரல் வந்தது. "ஒத்தக் காலன், தலைக்கு மேல குடை. இடி இடிச்சா எழுந்து நிப்பான். யாரு அவன்?" பிறகு என் குரல், கொட்டாவியோடு: "காளான்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதையே தொழிலாகக் கொண்ட நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொதல்ல இடி, அப்புறம் காளான். வரிசையைக் கவனிங்க சார். குண்டு விழுந்தா மேல எழும்புற புகை எந்த வடிவத்துல இருக்கும்?"

மந்திரியின் முகம் வெளுத்தது. "குடைன்னு எதுக்குச் சொல்றா?"

"நமக்கு நேச நாடு ஒண்ணு பாதுகாப்புக் குடை பிடிக்குதே, அது. அதுக்கு ஒத்தக் கால்தான்னு நக்கல் பண்றா."

அது வெறும் விடுகதை என்றும், நான் அப்போதே விடை சொல்லிவிட்டேன் என்றும் பணிவோடு தெரிவித்தேன். மந்திரி என்னை முதல்முறையாகப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு விடை சொன்ன? ஒரு நாட்டோட விடையை அமைச்சரவைதான் சொல்லணும்."

அடுத்த பிரச்சினை இதைவிடப் பெரியது. பதிவில் நான் 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தேன். எதிரி நாட்டில் எனக்கு அக்கா எப்படி வந்தாள், கூடப் பிறந்தவளா என்று தளபதி விசாரித்தார்.

"கூடப் பிறக்கலை சார். கூடப் பேசறவங்க."

செயலாளர் கோப்பைப் புரட்டினார். அக்கரை என்பதை அதில் 'அக்கறை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். எதிரிக்கு நம்மீது அக்கறை இருப்பதாக அரசுக் கோப்பிலேயே பதிவாகியிருக்கிறதே என்று அவர் பதறினார். உடனே அந்த அக்கறை சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. ஆனால் நிபுணர் பிடித்துக்கொண்டது வேறொன்றை.

"அவ இவனைத் தம்பிங்கறா. இவன் யாரு? நாட்டோட குரல். அப்ப நாட்டையே தம்பிங்கறா. அவங்க பெரியவங்க, நாம சின்னவங்க. இது இறையாண்மைப் பிரச்சினை சார்."

இதற்கான பதில் நடவடிக்கை நெடுநேரம் அலசப்பட்டது. இனி எங்களை 'அண்ணன்' என்று அழைக்கக் கோரலாம் என்றார் மந்திரி. அண்ணன் என்றால் தங்கைக்குச் சீர் செய்ய வேண்டியிருக்கும் என்று செயலாளர் எச்சரித்தார். 'மாமா' என்ற யோசனை வந்து, வந்த வேகத்தில் போனது. கடைசியில் எந்த உறவும் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.

பிறகு தளபதி எழுந்தார். விடுகதைக்கு விடுகதைதான் பதில், அதுவும் அவர்களுடையதைவிடப் பத்து மடங்கு கடுமையானதாக இருக்க வேண்டும் என்றார். தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்தும் விட்டார்.

"கதவில்லாத வீட்டுக்குக் காவலுக்கு ரெண்டு பேர், ஒருத்தன் தூங்கினா ஒருத்தனும் தூங்கமாட்டான். அது என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. மந்திரி விடை கேட்டார். தளபதி வெகுநேரம் கூரையைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. விடுத்தவனுக்கே விடை தெரியாத விடுகதைதான் உண்மையான தடுப்பாயுதம் என்று நிபுணர் பாராட்டினார். ஆனால் அதை ஏவுவதற்குப் போனில் பேச வேண்டியிருக்கும், பேசினால் பயந்துவிட்டோம் என்று எதிரி நினைப்பான். எனவே அந்த ஆயுதம் கையிருப்பிலேயே வைக்கப்பட்டது.

மிஞ்சிய பதில் ஒன்றுதான். போன் அறையையே பூட்டி முத்திரை வைப்பது. 'உறுதியான மௌனம்' என்று நிபுணர் அதற்குப் பெயர் வைத்தார். மந்திரி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நாக்குக்கு இதமாக இருந்தது.

கூட்டம் முடிகிற நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். இரவெல்லாம் விழித்தவன் புத்தி அப்படித்தான்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பூட்ட வேண்டாம். சாயங்காலம் நாலு மணிவாக்குல அவங்க ஒரு ராக்கெட்டைக் கடல்ல விட்டுப் பாக்கப் போறாங்களாம். காத்தைப் பொறுத்து முன்னப்பின்ன ஆகுமாம். விடறதுக்கு முன்னாடி கூப்பிட்டுச் சொல்றேன்னு அக்கா காலையில சொன்னாங்க."

"எதிரி சொல்றதை நம்பறியா?" என்றார் நிபுணர்.

"நம்பலாம் சார். 'உங்காளுங்க தப்பா நெனைச்சுத் திருப்பி அடிச்சா, மொதல்ல விழறது நான் இருக்கற கட்டடத்து மேலதான், என் தலையிலதான், அதனால கட்டாயம் கூப்பிடுவேன், தூங்கித் தொலைச்சுடாத'ன்னாங்க."

இந்த வாதத்தில் தேசபக்தி துளியும் இல்லை என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை. நான் தளபதியிடம் திரும்பினேன். நாலு மணிக்கு ராடாரில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. விதி தெரிந்தவர் விதி தெரியாதவனிடம் காட்டும் கருணையோடு விளக்கினார்.

"விதி ஒண்ணு, ராடார்ல தெரிஞ்சா பதறக் கூடாது. விதி ரெண்டு, அக்கரையிலிருந்து தகவல் வந்துச்சான்னு போன் ஆபரேட்டரைக் கேக்கணும். விதி மூணு, தகவல் இல்லைன்னா திருப்பி அடிக்கணும்."

"போன் ரூம் பூட்டியிருக்குமே சார்?"

"பூட்டியிருந்தா தகவல் வராது."

"வராதே சார்."

"வரலைன்னா விதி மூணு. இதுல உனக்கு எது புரியலை?"

எல்லாமே புரிந்தது. அதுதான் கஷ்டம். நாங்கள் அடித்தால் அவர்களும் எங்களை அடிப்பார்கள். என் அக்கா, சொந்த அக்கா, இந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். நாலு மணிக்குத்தான் பிள்ளைகளை வரிசையாக வாசலில் விடுவார்கள். நான் போய் போன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். தளபதி ஸ்டூலை எனக்கடியிலிருந்து உருவினார். செயலாளர் என் தோளைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு, வெளியே தள்ளினார்.

எல்லோரும் வராந்தாவில் நின்றோம். அங்கே பழுதான ஜெராக்ஸ் மிஷினும், எதிரே, திருப்பி அடிக்கும் பொத்தானும் உள்ளே இருக்கிற ராடார் அறையின் கதவும் இருந்தன. செயலாளர் பூட்டைத் தொங்கவிட்டு, இழுத்துப் பார்த்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். மந்திரி முத்திரை காயும்வரை ஊதினார். புகைப்படக்காரர் இன்னும் வராததால், அவர் வந்ததும் மறுபடி ஒருமுறை ஊதுவதாக முடிவானது.

அப்போது உள்ளே போன் அடித்தது.

யாரும் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அக்கா அப்படித்தான், எடுக்கும்வரை விடமாட்டாள்.

மந்திரியின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? கெஞ்சறாங்க."

"ஒரே பூட்டு சார்," என்றார் நிபுணர், கண் கலங்கி. "ஒரே பூட்டுல வழிக்கு வந்துட்டாங்க."

நான் செயலாளரிடம் சாவியைக் கேட்டேன். சாவி இனி சாவி அல்ல, நாளைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் காட்ட வேண்டிய ஆதாரம் என்றார். பிடுங்கப் பார்த்தேன். அவர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கதவை உதைத்தேன். அணுகுண்டுக்கே அசையாத கதவு என்று சொல்லித்தான் வாங்கியிருந்தார்கள். அரசு வாங்கிய பொருள்களில் சொன்னபடி வேலை செய்தது அது ஒன்றுதான்.

எதிர்க் கதவு திறந்து ராடார்காரர் தலையை நீட்டினார். "சார், அக்கரையில ஏதோ ஒண்ணு மேல கிளம்பியிருக்கு."

தளபதி பதறவில்லை. விதி ஒன்று. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். விதி இரண்டு.

"ஆபரேட்டர், அக்கரையிலிருந்து தகவல் ஏதாவது?"

"அடிச்சிட்டே இருக்கே சார். காதுல விழலையா?"

"அடிக்கறது தகவல் இல்லப்பா. எடுத்தாதான் தகவல்."

மந்திரி தலையாட்டினார். மந்திரி தலையாட்டியதால் செயலாளரும் ஆட்டினார். பதில் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று முதலிலேயே சொன்னேன். காது கொடுப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"தகவல் இல்லை," என்று தளபதி தனக்குத்தானே அறிவித்துக்கொண்டு ராடார் அறைக்குள் போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.