வாழ்வளித்த ஸ்டூல்

உலகில் கருணை இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு நம் 'படைவீரர் மறுவாழ்வு அலுவலகம்' ஒன்றே சாட்சி. ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வீரர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கு வேலை! வேறு யாரால் முடியும்?

அப்படி வாழ்வு பெற்றவர்களில் ஒருவர் நம் சார்ஜென்ட். வெள்ளம் கரைபுரளும் ஆற்றில் விடிவதற்குள் பாலம் போடத் தெரிந்தவர். வேலை போனதைச் சொல்ல வாய் வராமல், "லீவுல வந்திருக்கேன் மாமா" என்று மாமனார் வீட்டிலேயே மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தார். மாமனாரும் தினமும் காப்பியை நீட்டும்போது, "ரொம்பத் தங்கமான ராணுவம் மாப்பிள்ளை. லீவு குடுத்தா திரும்பக் கூப்பிடவே மாட்டேங்கிறாங்க!" என்பார். அந்தக் காப்பி தொண்டையில் இறங்குமா?

"பாலமெல்லாம் இப்போ யாருக்கு வேணும்?" என்றார், வேலை கேட்டுப் போன சார்ஜென்டிடம் மறுவாழ்வு இயக்குநர். "உங்க திறமைக்கு ஏத்த இடம் நம்ம ஆபீஸ் வாசல்தான். அந்த ஸ்டூல்ல உட்காருங்க. வேலை கேட்டு எவன் வந்தாலும் உள்ளே விடாதீங்க."

"ஏன் சார்?"

"வேலையில்லாதவன் ஒருத்தன்கூட உள்ளே வரலைன்னா, வேலையில்லாதவனே இல்லைன்னுதானே அர்த்தம்?"

ஆகா, என்ன ஞானம்! எத்தனையோ பேர் உட்கார்ந்து வழவழத்துப்போன ஸ்டூல் அது. சார்ஜென்ட் அதில் விறைப்பாக உட்கார்ந்தார். "மறுவாழ்வு ஆபீஸ்ல வேலை மாமா" என்று சொல்லிக் குடித்த அன்றைக்குத்தான் மாமனார் வீட்டுக் காப்பி இனித்தது.

எல்லாருக்கும் வேலை கொடுத்த இயக்குநருக்கு ஆபீஸிலேயே விருது விழா வந்தது. மேடையில் அமைச்சர். வாசலில், அதே ஆட்குறைப்பில் வெளியேறிய சார்ஜென்டின் பழைய மேஜர், கையில் ஃபைலோடு! அவருக்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம்.

"இன்னைக்கு முடியாது சார்" என்று சொல்லத்தான் சார்ஜென்ட் வாயைத் திறந்தார்.

"கேட்டைத் திற!" என்று மேஜர் அணிவகுப்புக் குரலில் ஓர் அதட்டல் போட்டார்.

அவ்வளவுதான். வாய் மறுப்பதற்குள் கை திறந்துவிட்டது. அதே கை அடுத்த நொடி சல்யூட்டும் அடித்தது. பழக்கதோஷம், பாவம்! கூட்டம் முழுக்க வரிசை குலையாமல் நடைபோட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றது. "வேலையில்லாத வீரர் ஒருவர்கூட..." என்று முழங்கிக்கொண்டிருந்த அமைச்சர் திறந்த வாயை மூடவில்லை.

இயக்குநர் லேசுப்பட்டவரா? "இதோ, வேலை பெற்ற நம் வீரர்கள்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார். கைதட்டலில் கூரை பிய்ந்துபோகாதது ஆச்சரியம்.

சாயங்காலம் சார்ஜென்டைக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து ஸ்டூல் மேஜருக்கு. நீங்க கிளம்பலாம்."

"அப்போ என் கதி என்ன சார்?"

"உங்களுக்குத்தான் வேலை கிடைச்சாச்சே! ஒருத்தருக்கே ரெண்டு தடவை குடுத்தா, மத்தவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆகாதா?"

மறுநாள் மாமனார் பேப்பரை விரித்தார். "அட, உங்க ஆபீஸ்! இத்தனை பேருக்கும் எங்கே மாப்பிள்ளை வேலை குடுத்தாங்க?"

சார்ஜென்டுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "ஒரே இடத்துலதான் மாமா. வாசல் ஸ்டூல்ல. ஒருத்தரை எழுப்பிவிட்டு அடுத்தவரை உட்கார வைப்பாங்க."

மாமனாருக்கு முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை. காப்பியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி வைத்தார்.

பேப்பரில் இயக்குநர் விருதோடு சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வீரர்களையும் தாங்கியது அந்த ஸ்டூல். இவர் செய்ததெல்லாம் எழுப்பிவிட்டதுதானே?