மூன்றாவது கோடு

நான்காவது முறையும் அந்தக் கோடு வரவில்லை.

கருவியின் திரையில் இரண்டு கோடுகள்தான் நின்றன; பெப்டைடு எனும் இரண்டு புரதத் துண்டுகளின் தனித்தனி எடை. ஒன்றுக்கு நேர்மின்சுமை, மற்றதற்கு எதிர்மின்சுமை. அந்த ஈர்ப்பு ஒன்றினாலேயே இரண்டும் ஒட்டும் என்று நான்கு வருடமாக எழுதிவருகிறான் மெர்வின். ஒட்டினால், இரண்டு எடையும் சேர்ந்து மூன்றாவது கோடு எழ வேண்டும். அதை நேரில் பார்க்கத்தான் தேர்வாளர் வில்பிரட் வருகிறார். எழாவிட்டால் பட்டம் கிடையாது.

"சார் தாம்பரத்துல ஆட்டோ ஏறிட்டாராம்," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் ஹேமாவதி. "என்னப்பா ஆச்சு?"

"சூடு ஜாஸ்தி மேடம். பிரிஞ்சுடுது."

சூட்டைக் குறைத்தான். கருவிக்குள் தெளிக்கும் கரைசல் காயாமல் சொட்டியது. இருந்த கோடுகளும் மங்கின.

பயத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டான். இரண்டு கோடுகளும் ஜம்மென்று எழுந்தன. மூன்றாவது மட்டும் இல்லை.

"ஆசிட் விட்டா மைனஸ் சார்ஜ் செத்துடுமேப்பா! அப்புறம் எதை வச்சு ஒட்டும்? ஃபர்ஸ்ட் இயருக்கு நீதானே இதை நடத்துற?"

"மறந்துட்டேன் மேடம்."

"சானடோரியம் தாண்டிட்டாராம்."

மெர்வின் அதே குப்பியை மறுபடி எடுத்தான். குப்பியில் மிச்சமிருந்ததை அப்படியே, பத்து மடங்கு கெட்டியாக ஏற்றினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மெர்வின்! பாருப்பா!"

மூன்றாவது கோடு தென்னை மரம்போல் நின்றது. அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு வில்பிரட் வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பேஷ். அழகா ஒட்டியிருக்கு."

ஹேமாவதி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்து அந்தப் போலி ஜோடியைப் போடுங்க," என்றார் வில்பிரட். "அதே அமினோ அமிலம், அதே எடை, வரிசை மட்டும் கலைச்சது. அது ஒட்டவே கூடாது. ஒட்டுச்சுன்னா, நீங்க காட்டினது ஈர்ப்பு இல்ல தம்பி, நெரிசல்ல எதுவும் எதோடயும் ஒட்டுற வெறும் பஸ் கூட்டம். நாலு வருஷமும் தண்ணியில போச்சு."

"ரெடியா இருக்கு சார்," என்றான் மெர்வின் தெம்பாக. "காமு அக்கா, அந்த ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் கொண்டாங்க."

குப்பி கழுவும் காமு அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, 'ஒட்டாது'ன்னு நீ எழுதி வச்சது காலியா கீது, 'ஒட்டும்'னு எழுதினது மூடியே தொறக்காம கீது, காலியானத கழுவிடட்டா?"