கிடாவுக்கு வராத வலிப்பு

ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவன், அது இல்லாத இடத்திலும் அதைக் காண்பான். பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மனைவியின் உறவினர் ஏறக்குறைய இருநூறு பேருக்குக் கிடாவிருந்தன்று பூசணிக்காய்ச் சாம்பார் போட வைத்தவன் என்ற தகுதியில் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. மதுரையில் நரம்பு வேதியியல் பேராசிரியர். என் ஆராய்ச்சி குளூட்டமேட் ஏற்பிகளைப் பற்றியது. மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததை எழுப்புவதற்குக் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளைச் சிந்துகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் கதவுகளைப் போன்றவை. அளவோடு திறந்து மூடினால் கற்கிறோம், நினைவில் வைக்கிறோம். மூடாமல் கிடந்தால் வலிப்பு வரும், அணுக்கள் மடியும். அந்த ஏற்பிகளில் ஒரு வகைக்குப் பெயரே கடற்பாசியின் வழியாகத்தான் வந்தது. ஒரு செம்பாசியில் உள்ள கைனிக் அமிலம், குளூட்டமேட்டைப் போல வேடமிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளும். அதை எலிக்குச் செலுத்தினால், வலிப்புக்கு முன்பு எலி, நனைந்த நாய் நீரை உதறுவதைப் போல உடம்பைச் சிலிர்க்கும். (இந்தச் சிலிர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்ததுதான் வினையாயிற்று.)

என் மனைவி பூரணத்தின் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கம். ஏழு ஆண்டுகள் காத்திருந்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அதற்காகப் பூரணம் தன் ஊர்க் கருப்பருக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தாள். அந்த வேண்டுதலை நிறைவேற்றப் போன இடத்தில், கிடாவெட்டுக்கு முதல் நாள் காலையில் நான் மட்டும் பாம்பனுக்குப் பேருந்து ஏறினேன். அந்தச் செம்பாசி அங்கே கிடைக்கும் என்று எனக்குள் ஓர் ஊகம்.

கரையில் காளியம்மாள் என்பவர், கடலில் முங்கி எடுத்த பாசியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குவியலைக் காட்டினேன்.

“சார், இது கஞ்சிப்பாசி. நாங்க கஞ்சி காச்சிக் குடிக்கிறது.”

உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு, அது வேறு இனம் என்று அவருக்கு விளக்கினேன். (முப்பது வருடமாக அந்தக் கடலில் முங்குபவருக்கு.) அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க படிச்சவுக. சரியாத்தேன் இருக்கும்” என்று ஒரு சாக்கு நிறைய அள்ளிப் போட்டார்.

மாமனார் வீட்டுக் கொல்லையில் அதை உலர்த்தினேன். மறுநாள் காலையில் பாசியில் பாதியைக் காணவில்லை. அருகே நின்ற நேர்த்திக்கடன் கிடாவின் தாடியில் ஓர் இழை தொங்கியது. கிடாவின் எடையையும் அமிலத்தின் அளவையும் மனத்துக்குள் வகுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்து, வாயை மூடிக்கொண்டேன். பூரணத்தின் அண்ணன், என் மச்சான் சேதுவிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை என்பதே உண்மை.

கோயிலில் கிடாவுக்கு மாலை போட்டுத் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார் பூசாரி. கிடா உடம்பைச் சிலிர்த்தால் (அங்கே துளுக்குதல் என்பார்கள்) சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். கிடா தலைமுதல் வால்வரை சிலிர்த்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு ஆய்வகத்து எலி தெரிந்தது. இந்தக் கறியைத்தானே இருநூறு பேர் உண்ணப்போகிறார்கள், என் மகள் உட்பட!

“நிறுத்துங்க. கிடாவுக்கு வலிப்பு” என்றேன்.

மச்சான் அரிவாளை இறக்கினார். “மாப்ள, அது துளுக்குது. சாமி உத்தரவு குடுத்துருச்சு.”

“இல்லை மச்சான். மூளையில ஏற்பிகள் திறந்துக்கிட்டு மூட மாட்டேங்குது.”

பூசாரி நிதானமாகக் கேட்டார்: “யாரு மூளையில?”

கைக்கடிகாரமும் குறிப்பேடுமாகக் கிடாவின் எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டாயிற்று. அரைத்த மசாலா காத்திருந்தது. உறவினர்கள் என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். கிடா என் குறிப்பேட்டின் மூலையைத் தின்றது. உலர்ந்த எலி நனைந்த நாயைப் போலச் சிலிர்த்தால் அது நோய். நனைந்த ஆடு நனைந்த ஆட்டைப் போலச் சிலிர்த்தால் அது ஆடு. இந்த வேறுபாடு எனக்கு அன்று விளங்கவில்லை.

பூரணம் வந்து, “அந்தப் பாசியக் காட்டுங்க” என்றாள். சட்டைப்பையில் மாதிரிக்கு வைத்திருந்ததை நீட்டினேன். கிள்ளி, முகர்ந்து, நான் தடுக்குமுன் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள்.

“கஞ்சிப்பாசிங்க. சரியா அலசல, அம்புட்டுத்தேன்.”

குறிப்பேடு கையிலிருந்து விழுந்தது. அதன்பிறகு நான் கிடாவைப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் அவள் விரல்களைப் பார்த்தேன், இமைகளைப் பார்த்தேன். மூளையைப் பற்றிப் படித்த எதுவும் அந்த அரைமணி நேரத்தைக் குறைக்கவில்லை.

“என்ன அப்படிப் பாக்குறீங்க? நானும் துளுக்கணுமா?” என்றாள்.

தோல்வியை ஒப்புக்கொண்டேன். மறுபடியும் கிடாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அது அசையவில்லை. குடம் குடமாக ஊற்றினார்கள். கிடா என்னைப் பார்த்தபடி நின்றது. உத்தரவு ஒருதரந்தான், இனி இதை வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பூசாரி திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரோ தோட்டத்துக்கு ஓடிப் பூசணிக்காய் பறித்து வந்தார்கள். கிடா கோயிலுக்கு விடப்பட்டு, ‘புரபசர்’ என்ற பெயருடன் நெடுநாள் வாழ்ந்தது. வேண்டுதலை மறு ஆண்டு வேறொரு கிடா தீர்த்தது.

அந்த ஆண்டு முதல், ஊர்க் கிடாவெட்டு நடக்கும்போதெல்லாம் மச்சான் எனக்குத் தொலைபேசியில் அழைப்பார். “மாப்ள, துளுக்கிருச்சு. வெட்டலாமா?” நான் வாய் திறக்குமுன் சமையலறையிலிருந்து பூரணம் குரல் கொடுப்பாள்: “வெட்டுண்ணே. எதுக்கும் ஒரு பூசணிக்காய் வாங்கி வச்சுக்க.” மறுமுனையில் ஊரே சிரிக்கும்.

சென்ற தை மாதம் பூரணத்துக்குப் பக்கவாதம் வந்தது. இரத்தம் எட்டாத அணுக்கள் குளூட்டமேட்டைக் கொட்டிவிடும், கதவுகள் மூடாமல் நிற்கும். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்தபடி, உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் வரிசை பிசகாமல் அறிந்திருந்தேன். எட்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

இந்த ஆண்டு அழைப்பு வராது என்றே நினைத்திருந்தேன். வந்தது.

“மாப்ள, துளுக்கிருச்சு. வெட்டலாமா?”

நான் பழக்கத்தில் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். மறுமுனையில் குலவை ஓய்ந்தது.

“வெட்டுங்க மச்சான்.”

“சரி மாப்ள” என்றார். பிறகு, “எதுக்கும் ஒரு பூசணிக்காய் வாங்கி வச்சுருக்கேன்” என்றார்.