மனசில் ஒரு பங்கு

காலை ஒன்பதேகால், டீ இடைவேளை. லினெட் மேடத்துக்குப் போனில் அனுப்பிய நன்றியை எழிலரசன் பெருமையாகக் கூட வேலை பார்க்கும் ராஜ்கமலிடம் காட்டினான்.

முந்தின நாள் வேலை நேரத்தில் மனைவி இனியாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தபோது, மேடம் தன் காரையே கொடுத்து அனுப்பினார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

சேதராப்பட்டு சோப்புக் கம்பெனிக்கு அவர் மேலாளர். இவன் தற்காலிகத் தொழிலாளி. இவனை நிரந்தரமாக்கும் உத்தரவில் இன்று கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. பிரான்சில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

‘ஐ வில் கிவ் யூ எ பீஸ் ஆஃப் மை மைண்ட்.’

ராஜ்கமலுக்குப் புரையேறியது.

"இன்னாடா எழுதி வச்சிருக்க?"

"என் மனசுல உங்களுக்கு ஒரு பங்கு குடுக்கறேன்னு. பீஸுன்னா பங்கு. மைண்டுன்னா மனசு. சரிதானே?"

"நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கப்போறேன்னு அர்த்தம்டா!"

எழிலரசன் பதறிப்போய் அழித்தான். அவன் போனில் மட்டும் அழிந்தது.

"போச்சு. இனிமே மேடம் போன்லேர்ந்து எடுக்க முடியாது."

"இரு, சரி பண்ணிடறேன்." தட்டினான். ‘சாரி மேடம். ஐ வில் கிவ் யூ பீஸ்.’ "இது வேற பீஸு. நிம்மதி."

"கல்லறையில எழுதற பீஸுடா அது! ஆளையே முடிச்சிடறேங்கற."

"ஐயையோ. மன்னிப்பு கேட்டுடறேன். மன்னிச்சிட்டா நல்லதுன்னு."

ராஜ்கமல் போனைப் பிடுங்குவதற்குள் அதுவும் போய்விட்டது. ‘யூ பெட்டர் ஃபர்கிவ் மீ.’

ராஜ்கமல் படித்தான். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நேரா மிரட்டியே புட்ட. வேற வேலை பாத்துக்க."

ஆபீஸ் உதவியாளர் பக்கிரி வந்து நின்றார்.

"எழிலு, மேடம் கூப்புடறாங்க. அழுவுறாங்கப்பா. இன்னா பண்ண?"

மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. எழிலரசன் கதவோரமே நின்றான்.

"மேடம், எனக்கு இங்கிலீஷு..."

"பேசாதீங்க. ஒக்காருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருஷத்துல ஒருத்தர்கூட தன் மனசுல எனக்குப் பங்கு குடுத்ததில்ல. நிம்மதியும் குடுக்கறேன்னீங்க. மெர்சி, ரொம்ப நன்றி."

உத்தரவை நீட்டினார். கையெழுத்து இருந்தது.

எழிலரசன் வாங்கிப் பார்த்தான். வீட்டுக்கு அரிசியும், பிள்ளைக்குப் பேரும், இனியாவுக்கு நல்ல தூக்கமும் அந்தத் தாளில் இருந்தன. கைகூப்பினான். மேடத்தின் ஆங்கிலமும் தன்னுடையதைப் போலவே இருந்ததற்கு மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் சேர்த்து நன்றி சொன்னான்.

"இன்னொரு விஷயம்," என்றார் மேடம். "எனக்கு புரமோஷன் குடுத்த எம்.டி. சாருக்கு எப்படி நன்றி எழுதறதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். உங்களுது அழகா இருந்திச்சா, மூணையும் அப்படியே அனுப்பிட்டேன். அதுலேர்ந்து போனே எடுக்க மாட்டேங்கறாரு. ஏன் எழிலரசன்?"