சம்பந்திக்கு, மூன்று வாஷிங்டன் கவுண்டி வழியாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. லீலண்ட் மாட்டிங்லி அவர்களுக்கு, அயோவாவிலிருந்து ஆர்லோ ஹெம்ஸாத் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் இல்லாள் மார்லிஸும் சுகம், பன்றிகள் சுகம், சோளம் தேவைக்கு மேல் சுகம். தங்கள் முழங்காலும், தங்கள் இல்லத்தரசியாரும், நம் மாப்பிள்ளை வேட் அவர்களும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருள்வாராக.

கல்யாணத்தன்று மாலை தங்கள் தேவாலய வாசலில், ஊர் கூடியிருக்க, "உங்க கவுண்டிக்கு வேற பேரே கிடைக்கலையாய்யா?" என்று நான் கேட்டதும், தாங்கள் குழம்புக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனதும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கின்றன. நேற்று ட்ரேசி தொலைபேசியில், "அப்பா, இங்க மாமனார் உன் பேரைச் சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டிடறாரு. நடுவுல நான் எத்தனை நாள் இப்படி உக்காந்திருக்கறது?" என்று அழாத குறையாகக் கேட்டாள். பெண்ணைக் கொடுத்தவன் பணிந்து போகவேண்டும். அன்று நான் மணிக்கணக்கில் தாமதமாக வந்ததற்கும், வந்ததும் வாய்விட்டதற்கும் காரணம் சொல்கிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பிறந்ததே அயோவா மாநிலத்தில், வாஷிங்டன் கவுண்டி என்னும் மாவட்டத்தில். ட்ரேசி "கல்யாணம் வாஷிங்டன் கவுண்டியிலப்பா" என்று சொன்னபோது, அடடா, மகள் சொந்த மண்ணிலேயே மணம் முடிக்கிறாளே என்று உருகிப்போய், டிராக்டர் கொட்டகைக்கு வெள்ளையடித்து, பாதிரியாரிடம் நாள் கேட்டு, ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டேன். அப்புறம்தான் அவள், "நம்ம ஊர்ல இல்லப்பா, ஸ்ப்ரிங்ஃபீல்ட்" என்றாள். எந்த மாநிலம் என்று கேட்டிருக்கவேண்டும். நான் கேட்டதோ "லிங்கன் ஊரா?" அவள், "ஆமாப்பா, லிங்கன் ஊர்தான்." அவள் நினைத்தது லிங்கனைப் பெற்றவர்கள் கல்யாணம் செய்துகொண்ட உங்கள் கென்டக்கி ஸ்ப்ரிங்ஃபீல்ட். நான் நினைத்தது லிங்கன் வீடு கட்டி வாழ்ந்த இல்லினாய் ஸ்ப்ரிங்ஃபீல்ட். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சம்பந்தி. அந்தக் குடும்பம் ஒரே இடத்தில் இருந்திருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காது.

மார்லிஸ் சிக்காகோவில் மகளோடு சேர்ந்துகொண்டு முன்கூட்டியே போய்விட்டாள். அவளுடைய பழைய கல்யாண உடுப்பை மகளுக்காகப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தோம். அதை வாங்கிக்கொண்டு நான் வரவேண்டும். கார் ஓட்ட என் மைத்துனன் டுவேன். வண்டியில் வழி காட்டும் கருவி இருக்கிறது, ஆனால் அது பேசினால் அவனுக்கு ஆகாது. "வழி தெரியாதவனுக்குத்தான் மச்சான் அது" என்று அதன் வாயை அடைத்துவிட்டான். காலையிலேயே இல்லினாய் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இறங்கி மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"ஸ்ப்ரிங்ஃபீல்ட் வந்தாச்சும்மா."

"அதுக்குள்ளயா? நாங்களும் இங்கதான் இருக்கோம். லிங்கன் சிலை தெரியுதா?"

"தெரியுதே."

"அங்கயே நில்லு, அம்மாவை அனுப்பறேன்."

நின்றோம். லிங்கன் நின்றார், நாங்கள் நின்றோம், மார்லிஸ் வரவில்லை. கடைசியில் தெரு பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர், "வாஷிங்டன் கவுண்டியா? இது சாங்கமன் கவுண்டிங்க. அது தெக்கால இருக்கு, ஊர் பேரு நாஷ்வில்" என்றார். நாஷ்வில் டென்னசியில் அல்லவா இருக்கிறது என்று நான் திகைக்க, இல்லினாயிலும் ஒன்று இருக்கிறதாம். டுவேன், "மககிட்ட கேட்டா உன்னைத்தான் திட்டுவா, நேரா போயிடலாம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டான்.

அங்கே நீதிமன்றத்துப் புல்வெளியில், சொல்லக் கூசுகிறது, ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டியபடி தனியாக நடந்துபோகும் ஒரு பெண், அதே பழுப்புக் கூந்தல். என்னை விட்டுவிட்டே ஆரம்பித்துவிட்டார்களே என்று ஓடிப்போய் அவள் கையைக் கோத்துக்கொண்டு அழுதுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருத்தி. அவள் கத்தவில்லை. "எனக்கு அப்பா இல்லைங்க. பாதி தூரம் வந்துட்டீங்க, கூடவே வாங்க" என்றாள். எப்படி மறுப்பது? மாப்பிள்ளையிடம் கொண்டுபோய் ஒப்படைத்தேன். கேக் சாப்பிடச் சொன்னார்கள். டுவேன் இரண்டு துண்டு சாப்பிட்டான். அங்கே எடுத்த புகைப்படம் தங்கள் பார்வைக்கு வந்தால் தவறாக எண்ணவேண்டாம், எனக்கு ஒரே மகள்தான்.

அப்புறம்தான் ட்ரேசியே கூப்பிட்டாள். "அப்பா, அங்க சாராய ஆலை வாசனை அடிக்குதா?"

"இல்லம்மா, சோள வாசனைதான்."

"அப்ப நீ கென்டக்கியிலயே இல்ல" என்று ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மார்லிஸ் சொன்னதை எழுதினால் தபால்காரர் வாங்கமாட்டார்.

பறந்து வந்தோம். நடுவழியில் உங்கள் மாநிலம் கிழக்கு நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, இருந்த நேரத்தையும் பிடுங்கிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது பாதிரியார் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார், என் மகள் சட்டையும் ஜீன்ஸுமாகப் படியில் உட்கார்ந்திருந்தாள். உடுப்பை வாங்கிக்கொண்டு, "வந்துட்டல்ல, போதும்" என்றாள் பாருங்கள், அந்த ஒரு சொல்லில் எனக்கு வந்த வெட்கம்தான் உங்கள்மேல் கோபமாகப் பாய்ந்தது. தாங்கள் "எங்க கவுண்டி ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்திரண்டுலயே வந்தது, உங்க ஊரு அப்ப வெறும் புல்லு" என்றீர்கள். நான் பதிலுக்கு அந்தப் பெயர்க் கேள்வியைக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். டுவேன் சும்மா இராமல், "எங்க கவுண்டிக்கு முதல்ல ஸ்லாட்டர்னுதான் பேரு. கசாப்பு. அப்படியே விட்டிருந்தா இந்த நாட்டுலயே எங்களுது ஒண்ணுதான் இருந்திருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தான். உங்கள் உறவினர்கள் சிரித்தார்கள், நான் சிறுத்துப்போனேன்.

ஒப்புக்கொள்கிறேன், சம்பந்தி. உங்களுடையது மூத்தது, எங்களுடையது நாற்பத்தாறு வருஷம் இளையது. நாடு முழுக்க முப்பது வாஷிங்டன் கவுண்டி இருக்கிறதாம். இருக்கட்டும், அத்தனைக்கும் அண்ணனாக உங்களுடையதையே கும்பிடுகிறேன். இனி எவர் ஊர் பேர் சொன்னாலும் மாநிலம் கேட்காமல் செருப்பு மாட்டமாட்டேன். டுவேன் ஓட்டும் வண்டியில் என் பிணம்கூட ஏறாது. தாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்தால் போதும், என் மகள் மூச்சு விடுவாள்.

தங்கள் குடும்பத்தில் பயிரும் பிள்ளைகளும் செழிக்க, தங்கள் முழங்கால் மழைக்கு நோகாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
ஆர்லோ ஹெம்ஸாத்

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரத்தில் ட்ரேசி பேசினாள். தாங்கள் போன வாரம் பக்கத்து மேரியன் கவுண்டிக்குக் குடிபோய்விட்டதாகவும், ஞாயிறு விருந்துக்கு என்னை வரச்சொன்னதாகவும் சொன்னாள். கண் கலங்கிவிட்டது. மேரியன் கவுண்டி இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான், நம் அயோவாவுக்குள்ளேயே, என்கிறான் டுவேன். எங்களுக்காக இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டீர்களே. கடிதத்தை நேரிலேயே தருகிறேன். டுவேன் வண்டியைக் கிளப்பிவிட்டான், மதியச் சாப்பாட்டுக்கு இருவருக்கும் தட்டு வைக்கவும்.