குரல் நடுங்கினால் திறக்காது

“பயப்படாதீங்கம்மா, இதோ திறந்துடும்!” என்றார் பூட்டு முதலாளி. பயந்து போயிருந்தது அவர்தான்.

மூடிய கதவுக்குப் பின்னால், பூட்டைப் பொருத்திக் காட்டுவதற்கென்றே கட்டிய, ஜன்னல் இல்லாத அறைக்குள் ஹோட்டல்காரம்மா இருந்தார். புது ஹோட்டலின் எல்லா அறைகளுக்கும் பூட்டு வாங்க வந்தவர். “நானே உள்ள போய்ச் சாத்திப் பாக்கறேன்” என்று போனார். சாத்தினார். பூட்டிக்கொண்டது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

இந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். அப்பா காலத்துப் பூட்டை இப்போது யாரும் சீண்டுவதில்லை. பாதி இயந்திரங்கள் துணி போர்த்திக் கிடந்தன. “எத்தனை நாள்தான் குண்டுச் சட்டியில குதிரை ஓட்டுவீங்க? வெளியில திறமைசாலிங்க இருக்காங்க, கூட்டுச் சேருங்க” என்று மனைவிதான் வழிகாட்டினாள். சேர்ந்தார். குரலைக் கேட்டுத் திறக்கும் கருவி ஒரு கம்பெனியுடையது, கைரேகைக் கருவி இன்னொரு கம்பெனியுடையது; இரண்டும் ஒரே பூட்டில். இரண்டு கம்பெனி ஆட்களும் இப்போது கதவுக்கு வெளியே வலமும் இடமுமாக, பேச்சுவார்த்தை அறுந்துபோன சம்பந்திகளைப் போல நின்றிருந்தார்கள்.

“‘திற’ன்னு சொல்லுங்க சார். உங்க குரல் அதுக்குத் தெரியும்” என்றார் குரல்காரர்.

“தி... திற.”

சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்குள் இன்னொரு தாழ் ‘கடக்’கென்று விழுந்தது.

“என்னய்யா இது! திறன்னா பூட்டுது?”

“உங்க குரல் நடுங்குது சார். யாரோ கழுத்துல கத்தி வச்சுத் திறக்கச் சொல்றாங்கன்னு அது நெனச்சுக்கிச்சு. அப்படி நெனச்சா ரெட்டைப் பூட்டுப் போடும். புது வசதி.”

“எனக்கு ஏன்யா சொல்லலை?”

“இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லி அசத்தலாம்னு இருந்தேன்.”

“என்ன ஆச்சு?” என்று உள்ளேயிருந்து ஹோட்டல்காரம்மாவின் குரல் கேட்டது.

“ஒண்ணுமில்லம்மா! பாதுகாப்பு எவ்வளவு பலம்னு காட்டறோம்!” என்றார் முதலாளி.

மனைவி முன்னே வந்தாள். அவள் குரலும் பதிவாகியிருந்தது. “தள்ளுங்க. இதுக்கெல்லாம் குரல்ல தேன் தடவணும்” என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கிக் குழைந்தாள். “திற...”

பச்சை விளக்கு எரியப் போவதுபோல் ஒரு கணம் மினுங்கியது.

“சீக்கிரம், சீக்கிரம்!” என்றார் முதலாளி.

‘கடக்.’

“கெடுத்தீங்களே! ரெண்டு குரல் ஒண்ணாக் கேட்டா, கும்பலா வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கும்” என்றார் குரல்காரர்.

இதற்காகவே காத்திருந்தவள்போல ரேகைக் கம்பெனிப் பெண் சிரித்தாள். “குரலை நம்பினா இப்படித்தான். விரலை வைங்க சார்.”

முதலாளி கட்டைவிரலை வைத்தார். விரல் வேர்வையில் நனைந்திருந்தது. கருவி ‘கீ’யென்று கத்தியது.

“ஐயோ, துடைக்காம வச்சுட்டீங்களா? போலி விரல்னு நெனச்சிருக்கும். இனிமே கதவுகிட்ட யாரும் போகாதீங்க! தொட்டீங்கன்னா எங்க தலைமை ஆபீஸ்லேருந்து ஆள் வந்தாத்தான் திறக்கும்.”

எல்லாரும் எதிர்ச்சுவர்வரை பின்வாங்கினார்கள். கதவு தனியே நின்றது.

“தொடலைன்னா?” என்று கேட்டார் முதலாளி.

“எங்க கருவி கொஞ்ச நேரத்துல சமாதானமாகித் தாழை விட்டுடும். அவர் கருவி என்ன பண்ணும்னு அவரைத்தான் கேக்கணும்.”

“உங்க கருவி கத்தினா என் கருவி என்ன பண்ணும்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று குரல்காரர் எகிறினார். “நீங்கதான் எல்லாத்தையும் ரகசியம் ரகசியம்னு மூடி வச்சீங்களே!”

“காட்டினா காப்பி அடிப்பீங்க.”

“உங்ககிட்ட காப்பி அடிக்க என்ன இருக்கு?”

ஓரமாக நின்றிருந்த ஹோட்டல்காரம்மாவின் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். “சார், கதவு...”

“சும்மா இருப்பா, நாங்களே கதிகலங்கி நிக்கறோம்!” என்று முதலாளி அவரை அடக்கிவிட்டு மனைவியிடம் திரும்பினார். “எல்லாம் உன்னாலதான். கூட்டு, கூட்டுன்னு என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டே!”

“கூட்டுச் சேரச் சொன்னேன். சேந்தவங்களை உக்கார வச்சுப் பேச வேணாம்னு சொன்னேனா? ஒரு நாளாவது மூணு பேரும் ஒரு மேசையில உக்காந்தீங்களா?”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “அந்தம்மாவைச் சொல்லணும்! உள்ள போய்ச் சாத்தித்தான் பாக்கணுமா? வெளியில நின்னு பாத்தா கண்ணு தெரியாதா?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. உள்ளேயிருந்து இப்போது சத்தமே இல்லை.

“அம்மா?” என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

“அம்மா! ஏதாவது பேசுங்கம்மா!”

மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சுத் திணறல் ஏதாவது வந்திருந்தா, எழுதி வச்சுக்குங்க, அதுக்கு ரேகைக் கம்பெனிதான் பொறுப்பு” என்றார் குரல்காரர்.

“ரெட்டைப் பூட்டு யாரோடது?” என்று ரேகைக் கம்பெனிப் பெண் பாய்ந்தாள்.

முதலாளிக்குக் காதில் எதுவும் விழவில்லை. ஓர் உயிர். ஆர்டர் போகட்டும், பட்டறை போகட்டும். பட்டறைக்குள் ஓடிக் கடப்பாரையோடு திரும்பினார். பூட்டுப் பரம்பரையில் வந்த அவர் வாழ்நாளில் ஒரு கதவையும் உடைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார்.

டிரைவர் பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

“உடைக்காதீங்க சார்! கதவு தானாத் திறந்து ரொம்ப நேரமாச்சு. நீங்கல்லாம் அங்க திரும்பிச் சண்டை போட்டுட்டிருந்தப்ப அம்மா எட்டிப் பாத்து, ‘கதவு திறந்துடுச்சு, நீ வாயைத் திறந்துடாதே, இவங்க கூட்டு என்ன லட்சணம்னு முழுசாக் கேட்டுட்டு வரேன்’னு சொல்லிட்டு மறுபடி பூட்டிக்காம லேசாச் சாத்திக்கிட்டாங்க.”